தோட்டக்கலை அலமாரியில் ஒரு சட்டப் புத்தகம்

நூலகருக்கு மனிதர்களில் இரண்டே வகைதான். புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்காதவர்கள் ஒரு வகை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வேறெங்கோ சொருகிவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் இந்த இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒரு வகை இருக்கும் என்று அந்த அம்மா நினைத்துப் பார்த்ததில்லை. தன்னார்வலர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் அதுவும் தெரிந்தது.

அவர்கள் வந்த கதை ரொம்பச் சின்னது. நூலகத்தில் ஓர் உதவியாளர் இருந்தார், ஒரு கடைநிலை ஊழியர் இருந்தார். இருவரும் அடுத்தடுத்து ஓய்வு பெற்றார்கள். அந்த இடங்களுக்கு ஆள் போடச் சொல்லி நூலகர் எழுதிய கடிதங்களை நிர்வாகக் குழு ஒன்றரை வருஷம் அடைகாத்தது. பிறகு குழுவில் ஒரு மகானுபாவர் வாயைத் திறந்தார். "ஊர்ல படிச்சவங்க எத்தனை பேர் ரிட்டயர் ஆகி சும்மா உக்காந்திருக்காங்க. கூப்பிட்டா வர மாட்டாங்களா? புத்தகத்த எடுத்துக் குடுக்கறதுக்கு என்ன பெரிய படிப்பு?" கை தட்டினார்களாம். சும்மா வருகிற ஆளுக்குக் கை தட்டாமல் வேறு என்ன செய்வார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் நூலகர் மனசுக்குள் ஆளுக்கொரு பெயர் வைத்தார். முதலாமவர் மேனேஜர். வங்கியில் முப்பத்துநாலு வருஷம் இருந்து மேனேஜராக ஓய்வு பெற்றவர், இன்னும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர். வந்த முதல் வாரமே 'மேம்பாட்டு யோசனைகள்' என்று பதினேழு எழுதி நீட்டினார். பதினேழில் ஒன்றுகூடப் படிக்கிறவர்களைப் பற்றியது இல்லை. இரண்டாவது ஆள் பூச்சாடி அம்மா. வாசிப்பு மேஜை ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் பூச்சாடி கொண்டுவந்து வைத்தவர். செய்தித்தாளை விரிக்கிறவர்கள் அந்தச் சாடியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஆள் போட்டோக்காரர். ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்தபடி தன்னைத்தானே படமெடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, நாற்பது நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். அந்தப் புத்தகத்தை அவர் திறந்து பார்த்ததாக ஒரு சாட்சியும் கிடையாது.

ஒரு நாள் மூவரும் சேர்ந்து சிறுவர் பிரிவைத் தலைகீழாக்கினார்கள். படம் எடுத்தால் அழகாக இருக்குமாம், அட்டை நிறத்தை வைத்து அடுக்கினார்கள். சிவப்பு ஒரு தட்டு, மஞ்சள் ஒரு தட்டு. கணக்கும் விலங்கியலும் கதையும் பச்சைக்குள் ஒன்றாகக் கிடந்தன. அதைச் சரிசெய்ய நூலகருக்கு மூன்று நாள் பிடித்தது. படத்துக்கு இருநூற்றுச் சொச்சம் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்களாம்.

நூலகர் சண்டை போடவில்லை. சண்டை போடக்கூட ஒரு மரியாதை வேண்டும், அதை அவர்களுக்குக் கொடுக்க அவர் தயாராக இல்லை. தூசு தட்டச் சொன்னார், செய்தித்தாளைக் கம்பியில் கோக்கச் சொன்னார், திருப்பும் தேதியைக் குத்துகிற தாள் புத்தகத்தில் கிழிந்திருந்தால் ஒட்டச் சொன்னார். அவ்வளவுதான். வேலையைச் சொல்லித் தரவே இல்லை.

"பத்து நாள்ல சொல்லிக் குடுத்துடற வேலைன்னா நான் எதுக்கு ரெண்டு வருஷம் படிச்சேன்? பரீட்சை எழுதி எதுக்கு வந்தேன்?" என்று வீட்டில் கணவரிடம் கேட்டார். கணவர் தபால் பிரிப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குறுக்கெழுத்துப் பிரியர்.

"கோவமா இருக்கியா, இல்ல பயமா இருக்கா?" என்றார் அவர், தலை நிமிராமலே.

"எனக்கென்ன பயம்!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நூலகர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அவர் சொல்லித் தராததில் முக்கியமானது ஒன்று இருந்தது. எந்தச் சுவரிலும் எழுதி மாட்டாத விதி. யார் என்ன படிக்கிறார்கள் என்பது மூச்சுக்கூட வெளியே போகக் கூடாது. மீசையை முறுக்கிக்கொண்டு திரியும் லாரி முதலாளி வாரத்துக்கு மூன்று காதல் நாவல் கொண்டுபோகிறார். மேடையில் முழங்குகிற ஒரு பிரமுகர் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவர் பாடநூலை உள்ளறையில் உட்கார்ந்து படிக்கிறார். ஊரில் பாதிப் பேருடைய ரகசியம் நூலகர் வயிற்றுக்குள் இருக்கிறது. கட்டின கணவரிடம்கூட ஒன்றையும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

தையற்காரம்மா வந்தது அப்படித்தான். திரைச்சீலையும் பள்ளிச் சீருடையும் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிற பெண். புருஷன் இரண்டு தெரு தள்ளி டயர் கடை வைத்திருக்கிறவன். வெளியில் எல்லோரிடமும் தங்கமான மனுஷன் என்று பெயர் எடுத்தவன், வீட்டுக்குள் வேறு ஆள். அவள் பையை அவன் தினமும் கொட்டிப் பார்ப்பான். போனில் யாரோடு பேசினாள், எதைத் தேடினாள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பான். ஒருமுறை இஸ்திரிப் பெட்டியை அவள் கைமேலேயே வைத்திருக்கிறான். அதை அவள் சொல்லவில்லை. உறுப்பினர் அட்டையை நீட்டிய கையில் இருந்த முக்கோணத் தழும்பை நூலகரே பார்த்தார்.

"மேடம், பிரிஞ்சு போனா பொண்ணு யார்கிட்ட இருப்பான்னு எந்தப் புத்தகத்துல இருக்கும்?" என்று அவள் கேட்டாள். பக்கத்தில் நின்றிருந்தால்கூடக் கேட்டிருக்காது, அவ்வளவு சின்னக் குரல். மகளுக்கு எட்டு வயது. செவ்வாய்க்கிழமை மாலை பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு, கூப்பிடப் போகிற வரைக்கும் அவளுக்குக் கிடைப்பது அரை மணி நேரம்.

'குடும்பச் சட்டக் கையேடு: பெண்களுக்கு' என்று ஒரு புத்தகம் இருந்தது. ஆனால் சட்ட அலமாரி செய்தித்தாள் மேஜைக்கு நேரெதிரே இருக்கிறது. அங்கே போய் நின்றால் ஊரே பார்க்கும். அதனால் நூலகர் இருபத்தொன்பது வருஷத்தில் செய்யாத அக்கிரமத்தைச் செய்தார். புத்தகத்தை வேண்டுமென்றே தப்பான இடத்தில் வைத்தார். தோட்டக்கலை அலமாரி மூலையில் இருக்கிறது, அந்தப் பக்கம் ஈ காக்கை வராது. மூன்றாவது தட்டில், ரோஜா வளர்ப்புக்கும் உரம் தயாரிப்புக்கும் நடுவில், முதுகு உள்பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒன்பது செவ்வாய் அவள் அங்கே நின்றபடியே படித்தாள். ஒரு வரியையும் எழுதிக்கொள்ளவில்லை. பையில் தாள் இருந்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று மனப்பாடம் பண்ணினாள்.

பத்தாவது செவ்வாய்க்கு முன்னால் மேனேஜர் தோட்டக்கலை அலமாரிக்குப் போனார். தப்பான இடத்தில், அதுவும் திரும்பி நிற்கிற ஒரு புத்தகத்தைக் கண்டதும் மனுஷனுக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். எடுத்துத் துடைத்து சட்ட அலமாரியில் கொண்டுபோய் வைத்தார். நூலகரின் கவனக்குறைவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் அல்லவா! அந்தச் செவ்வாய் மாலையில் தையற்காரம்மா வந்து மூன்றாவது தட்டைத் துழாவிக்கொண்டிருந்தபோது இவரே பக்கத்தில் போய் உபசாரம் வேறு செய்தார்.

"என்னம்மா தேடறீங்க? அந்தச் சட்டப் புத்தகமா? போன வாரம் உங்க கையில பார்த்தேனே. அது இங்க இருக்கவே கூடாது, நான்தான் எடுத்து வச்சேன். வாங்க, எடுத்துத் தரேன்."

அவள் முகம் வெளிறிப்போனது. "இல்ல சார், ரோஜாச் செடி பத்தி..." என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். நூலகர் கவுன்டருக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்தார். அவள் போனதும் எழுந்து வந்தார்.

"அந்த அலமாரிய நீங்க தொடாதீங்க."

"ஏன் மேடம்? தப்பா இருந்துச்சு, சரி பண்ணினேன். காரணம் சொன்னீங்கன்னா..."

"தொடாதீங்கன்னா தொடாதீங்க."

அந்த இடத்தில் நின்று இரண்டு நிமிஷம் பேசியிருக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை, கதை சொல்ல வேண்டியதில்லை. இங்கே யார் என்ன படிக்கிறார்கள் என்பதை வெளியே பேசுவதில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். இவருக்குப் போய் விளக்கம் சொல்வதா என்று நூலகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மேனேஜரும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு தூசு தட்டப் போனார்.

இதற்கு முன்பே இன்னொன்றும் நடந்திருந்தது. கையேட்டின் புதிய பதிப்பில்தான் பிள்ளைகள் பற்றிய சட்டம் மாறியிருக்கிறது என்று தெரிந்து, நூலகர் அதைத் தலைமை நூலகத்திலிருந்து முன்பே கேட்டிருந்தார். கோரிக்கையில் தையற்காரம்மா பெயரைப் போடவில்லை, தன் பெயரையே போட்டார். அதுவும் அந்த எழுதப்படாத விதிப்படிதான்.

சனிக்கிழமை நூலகருக்குப் பல் வலி. பதினோரு வருஷத்தில் விடுப்பே எடுக்காத மனுஷி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அனுமதி போட்டுவிட்டுப் பல் பிடுங்கப் போனார். மரத்துப்போன வாயும் அதில் அடைத்த பஞ்சுமாகத் திரும்பி வந்தபோது மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார், முகமெல்லாம் பல்லாக.

"மேடம், தலைமை நூலகத்துல இருந்து பார்சல் வந்துச்சு. அந்தச் சட்டப் புத்தகம், புதுசு! அந்தம்மா ஆசையா தேடிட்டு இருந்தாங்களே. அவங்க வீட்டுக்காரர் இங்கதான் விளையாட்டுப் பக்கம் படிச்சுட்டு இருந்தார். கையோட குடுத்தனுப்பிட்டேன்."

நூலகர் கன்னத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தார். மேனேஜரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அட்டையைத் தாண்டி எந்தப் புத்தகத்துக்குள்ளும் போகாத மனுஷன் அவர். மனைவிக்கு வந்ததைக் கணவன் கையில் கொடுத்தால் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது என்று நம்புகிற தலைமுறை.

"என்ன சொல்லிக் குடுத்தீங்க?" என்றார் பஞ்சுக்குள்ளிருந்து.

"உங்க வீட்டம்மா தேடிட்டு இருந்தாங்கன்னேன். என்ன மேடம், தப்பா?"

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம் இருக்கும். கடைக்குத்தான் போனார். ஒரு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போவார்."

மணி பன்னிரண்டே முக்கால். நூலகர் மேனேஜரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க. நான் என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லுங்க." வேலை நேரத்தில் நூலகத்தைப் பூச்சாடி அம்மா கையில் விட்டுவிட்டு நூலகர் தெருவில் ஓடியதை அன்றுதான் ஊர் பார்த்தது.

டயர் கடை வாசலில் இரண்டு வண்டிகள் நின்றிருந்தன. காற்றடிக்கிற இயந்திரம் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. நான்கைந்து பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். டயர் கடைக்காரன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து, தொடைமேல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தான். 'பிரிந்து வாழ முடிவெடுத்த பெண் முதலில் செய்ய வேண்டியவை' என்ற பக்கம் திறந்திருந்தது. கிரீஸ் பெருவிரல் அந்தத் தலைப்பின்மேல் இருந்தது.

"வாங்க மேடம்," என்றான். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "என் பொண்டாட்டி நல்ல புத்தகம்லாம் கேட்டு வாங்கறா போல."

நூலகர் வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் கைக்குட்டைக்குள் வைத்தார். கைக்குட்டை சிவந்தது.

"அது என் புத்தகம்," என்றார். "உள்ள ஒட்டியிருக்கிற சீட்டைப் பாருங்க. யார் பேர் இருக்கு?"

அவன் பார்த்தான். நூலகர் பெயர்தான் இருந்தது. "ஆனா சார் சொன்னாரே, அவதான் தேடினான்னு."

"அவங்க ரோஜாச் செடி புத்தகம் தேடினாங்க. நான் படிக்கிறதுக்காக இந்தப் புத்தகத்தோட பழைய பதிப்பை அந்த அலமாரியில மறைச்சு வச்சிருந்தேன். யாரும் பார்க்கக் கூடாதுன்னு. சார் அதைப் பார்த்துட்டுத் தப்பா புரிஞ்சுக்கிட்டார்."

"நீங்க படிக்கிறதுக்கா? உங்களுக்கு எதுக்கு?"

இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். காத்திருந்த ஆட்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். தன் வீட்டுப் பேச்சு ஒன்றைக்கூட வாசல் தாண்ட விடாத மனுஷி, நடுத்தெருவில், பாதி மரத்த வாயோடு அதைச் சொன்னார்.

"நான் என் வீட்டுக்காரரை விட்டுப் பிரியப் போறேன்."

டயர் கடைக்காரன் மேனேஜரைப் பார்த்தான். தப்பு செய்ததாக முப்பத்துநாலு வருஷத்தில் ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாத மனுஷர் அவர். நெற்றியில் வேர்வை. நூலகரின் கைக்குட்டையைப் பார்த்தார், புத்தகத்தில் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். அந்த இடத்தில்தான் அவருக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

"ஆமாங்க," என்றார். "என் தப்புதான். அந்தம்மா கையில இருந்தது செடி புத்தகம். என் கண்ணாடி பழசு. கண்ணு சரியில்ல."

டயர் கடைக்காரன் முகத்தில் இறுக்கம் போய் இளிப்பு வந்தது. "இந்த வயசுலயா மேடம்?" என்று சிரித்தான். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். "உங்க வீட்டுக்காரர் பாவம். இல்ல இல்ல, கொடுத்து வச்சவர்." புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கி, அசிங்கத்தை எடுத்துக் கொடுக்கிற மாதிரி கொடுத்தான். நூலகர் வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் மற்றவர்களைப் பார்த்துத் தான் உள்ளுக்குள் சிரித்த சிரிப்பு வெளியிலிருந்து கேட்டால் இப்படித்தான் இருக்கும் என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

திரும்பி வந்து நூலகப் படியேறும்போது மேனேஜர் நின்றார்.

"இதை அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம். நான் என்ன, கேட்டிருக்க மாட்டேனா?"

நூலகர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். வாய் மரத்துப்போயிருந்ததால் அவர் பேசவில்லை என்று மேனேஜர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். "நாம பிரியப் போறோம்னு ஊர் பேசும். ஏன்னு கேக்காதீங்க."

அவர் பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் மனைவியின் வீங்கிய கன்னத்தையே பார்த்தார். "லைப்ரரி விஷயமா?"

"ம்."

"சரி, கேக்கல. ராத்திரி சாப்பாடு நம்ம வீட்லதானே?"

நூலகர் அழுதுவிட்டார். பல் வலி என்று சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பட்டதுதான் பெரிய பாடு. சண்டைக்கு வந்தால் சமாளிக்கலாம், இரக்கத்தோடு வருகிறவர்களை என்ன செய்வது? பூச்சாடி அம்மா தினமும் பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். "மனசுல போட்டுப் புழுங்காதீங்க, என்கிட்ட கொட்டுங்க," என்று தோளில் கை வைத்தார். கவுன்டரில் புதிதாக ஒரு பூச்சாடி முளைத்தது. போட்டோக்காரர் 'உடைந்தும் எழுபவர்கள்' என்று எதையோ எழுதிப் போட்டார், பெயர் போடாமல், ஆனால் நூலகப் படத்தோடு. நிர்வாகக் குழுவின் மகானுபாவர் கணவருக்கே போன் போட்டுச் சமாதானம் பேசினார். கணவரும் எல்லாவற்றையும் கேட்டு, "யோசிக்கிறேங்க," என்று வைத்தார். யாரை ஒரு பொருட்டாக மதித்ததில்லையோ அத்தனை பேருடைய பரிதாபத்தையும் நூலகர் மடக்கு மடக்காகக் குடித்தார். உண்மையைச் சொல்லிவிட்டால் ஒரு நொடியில் தலை நிமிரலாம். சொல்லத்தான் முடியாது.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையே அவர் மூவரையும் உள்ளறையில் உட்கார வைத்தார். "ஒண்ணு சொல்லணும். வந்த நாளே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு," என்று தொடங்கினார். அந்த விதியைச் சொன்னார். கணவன் கேட்டாலும், அம்மா கேட்டாலும், போலீஸே வந்தாலும் நூலகரைக் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது என்றார். போட்டோக்காரர் கொட்டாவி விட்டார். மேனேஜர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டார்.

செவ்வாய்க்கிழமை தையற்காரம்மா வந்தாள். புதிய பதிப்பு மூன்றாவது தட்டில், முதுகு உள்பக்கமாக நின்றது. கிரீஸ் பெருவிரல் பதிந்த பக்கத்தைத் திறந்ததும் அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு படித்தாள். அந்த அரை மணி நேரமும் மேனேஜர் அலமாரியின் கோடியில் நின்று, ஒரே ஒரு கத்தரிக்காய் சாகுபடிப் புத்தகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏழு செவ்வாய் அப்படிப் போனது. எட்டாவது வாரம் அவள் வரவில்லை. மகளை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும், வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது என்றும் ஊர் பேசியது. நூலகர் யாரிடமும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை டயர் கடைக்காரன் வந்தான். விளையாட்டுப் பக்கத்தை எடுக்கவில்லை. முகச்சவரம் செய்து நான்கு நாள் இருக்கும். கவுன்டர் முன்னால் நின்ற ஆட்கள் போகும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, குனிந்து, மிகச் சின்னக் குரலில் கேட்டான்.

"மேடம், அந்தப் புத்தகம் இருக்கா?"

இஸ்திரிப் பெட்டித் தழும்பு நூலகர் கண்முன் வந்து போனது. உரக்க ஒரு வார்த்தை சொன்னால் போதும், செய்தித்தாள் மேஜை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். வாய் வரைக்கும் வந்தது. அவர் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தார். அட்டை தெரியாமல் பழைய செய்தித்தாளில் சுற்றினார். தேதி முத்திரை குத்தினார்.

"பதினாலு நாள்."

அவன் போகவில்லை. "அன்னிக்கு நீங்க பொய்தானே சொன்னீங்க? அவளுக்குத்தானே இது?"

"யார் என்ன படிக்கிறாங்கன்னு இங்க சொல்றதில்ல," என்றார் நூலகர். "இன்னிக்கு நீங்க இதை எடுத்துட்டுப் போறதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

அவன் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனான். பூச்சாடி அம்மா பிளாஸ்கோடு ஓடிவந்தார். "என்ன எடுத்துட்டுப் போறான் அந்தக் கடன்காரன்? காகிதம்லாம் சுத்திக் குடுத்தீங்க?"

நூலகர் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் தூசு தட்டிக்கொண்டிருந்த மேனேஜர் நிமிர்ந்தார்.

"அதை நாம கேக்கக் கூடாதும்மா," என்றார். "அன்னிக்கு உள்ளறையில மேடம் சொன்னாங்களே, கவனிக்கலையா?"

பூச்சாடி அம்மா முகம் சுருங்கி நூலகர் பக்கம் திரும்பினார். "சரி விடுங்க. உங்க விஷயம் என்னாச்சு மேடம்? அவர் இறங்கி வந்தாரா?"

"இன்னும் யோசிக்கிறார்," என்று நூலகர் டீயை வாங்கிக்கொண்டார். "உக்காருங்க. ரெண்டு பேருமே உக்காருங்க. புத்தகத்துக்கு நம்பர் எப்படிப் போடறதுன்னு இன்னிக்குச் சொல்லித் தரேன்."